மலிவு விலை மடிக்கணினி: வாங்கும் முன் எழுத்தில் கேட்கவேண்டிய ஒரு கேள்வி

பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையும், யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் வந்த செய்திக்குப் பதிலெழுத வேண்டிய தாயும், வேலை தேடும் தந்தையும் ஒரே மடிக்கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் இந்நகரசபைப் பகுதியில் பல. அரசாங்க அலுவல்களிற் பெரும்பாலானவை இப்போது இணையவழியே நடைபெறுகின்றன. குடிவரவு நிலையைக் காட்டும் அட்டைகூட இலத்திரனியல் வீசாவாக மாறிவிட்டது. இவற்றையெல்லாம் கைத்தொலைபேசியிலேயே செய்துவிடலாம் என்று சிலர் கூறுவர். பத்துப் பக்க விண்ணப்பமொன்றைக் கைத்தொலைபேசியில் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் எல்லாம் அழிந்துபோகக் கண்டவர் அவ்வாறு கூறமாட்டார்.

எனவே மடிக்கணினி வாங்குவது பலருக்கு ஆடம்பரம் அன்று. குறைந்த வருமானத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அது வாங்கப்படுகிறது. தவறான ஒன்றை வாங்கிவிட்டால் இன்னொன்றுக்குப் பணம் சேர மறு வருடம் ஆகலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தாயின் கையில் 250 பவுண் இருக்கிறது. பேரங்காடியின் தட்டில் அந்த விலைக்குப் புத்தம் புதிய மடிக்கணினி ஒன்று உள்ளது. அதன் நினைவகம் 4 ஜிபி, சேமிப்பகம் 64 ஜிபி. அடுத்த தெருவிலுள்ள கடையில் அதே விலைக்கு 2018 இல் ஒரு நிறுவனத்துக்காக வாங்கப்பட்டு, மூன்று நான்கு வருடம் பாவிக்கப்பட்டு, துடைத்துச் சீர்செய்யப்பட்ட கணினி ஒன்று உள்ளது. மேல்மூடியில் ஒரு கீறல். நினைவகம் 8 ஜிபி, சேமிப்பகம் 256 ஜிபி. புதியதுதான் பாதுகாப்பு என்று எண்ணி அவர் முதலாவதை எடுக்கிறார். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்வர். ஆயினும் இரண்டாவதே நெடுநாள் உழைக்கக்கூடியது. அதற்கான காரணம் விலைச்சீட்டில் இல்லை. பெட்டிக்கு உள்ளே, எந்தப் பாகத்தை மாற்றலாம், எந்தப் பாகத்தை மாற்ற இயலாது என்பதில் இருக்கிறது.

மாற்றக் கூடியவையும் கூடாதவையும்

விவரச்சீட்டில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருந்தாலும் மடிக்கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பவை நான்கே: புரொசசர், நினைவகம், சேமிப்பகம், மின்கலம்.

புரொசசர் இக்காலத்து மடிக்கணினிகளில் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றும் பேச்சுக்கு இடமில்லை. வாங்கும் நாளில் எது இருக்கிறதோ அதுவே இறுதிவரை.

ரேம் எனப்படும் நினைவகத்தை வேலை செய்யும் மேசைக்கு ஒப்பிடலாம். சேமிப்பகம் பக்கத்திலுள்ள அலுமாரி. மேசை சிறிதாயின் ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து அலுமாரிக்குப் போய்வர வேண்டியிருக்கும். கணினி மெதுவாக இயங்குகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தைத்தான். விண்டோஸ் 11 ஐ நிறுவுவதற்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமும் வேண்டும் என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிவித்துள்ளது. இவை நிறுவுவதற்கான அளவுகள்; நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவுகள் அல்ல. பாடசாலைப் பக்கம் ஒன்று, காணொளி வகுப்பு ஒன்று, எழுதும் கோப்பு ஒன்று ஆகிய மூன்றும் ஒன்றாகத் திறந்திருக்க வேண்டுமாயின் 8 ஜிபி வேண்டும். 16 ஜிபி இருந்தால் இன்னும் சில வருடங்களுக்குக் கவலை இல்லை.

சேமிப்பகத்தில் மூன்று வகைகளை இன்றும் காணலாம். பழைய கணினிகளில் சுழலும் வன்தட்டு இருக்கும். இடம் தாராளம், வேகம் மிகக் குறைவு. எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகம் எதுவுமில்லை. அதனால் பன்மடங்கு விரைவு. மூன்றாவது, மலிவான புதிய கணினிகளில் வரும் இஎம்எம்சி. இதுவும் சுழலாதது என்பதால் சிலர் இதை எஸ்எஸ்டி என்றே கூறி விற்பதுண்டு. ஆனால் இது வேகத்திற் குறைந்தது, பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 64 ஜிபி இஎம்எம்சியில் விண்டோஸ் தானே பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, சில மாதங்களில் இற்றைப்படுத்தலுக்கே இடமில்லாமற் போகும். படங்களை அழித்து அழித்து இடம் தேடுவதே குடும்பத்தின் வேலையாகிவிடும். நமது உதாரணத்தில் வரும் தாய் வாங்கிய புதிய கணினியின் கதி இதுவே. அதில் எந்தக் குறையும் இல்லை, அது பழுதடையவும் இல்லை. வளர இடமில்லாமற் பிறந்த கணினி அது.

நிறுவனங்களுக்கென்று செய்யப்படும் கணினிகளில் நிலைமை வேறு. ஒரு அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிப்பவர் பாகங்களை விரைவாக மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஆதலால் லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகிய வரிசைகளின் பல மாதிரிகளில் அடிமூடியைக் கழற்றியவுடன் நினைவகம், சேமிப்பகம், மின்கலம் மூன்றும் கைக்கெட்டும். அலுவலகங்கள் ஓரிரு குத்தகைக் காலங்களின் பின் அவற்றைக் கழித்துவிடும்போது அவையே சீர்செய்யப்பட்ட கணினிகளாகக் கடைக்கு வருகின்றன.

எனினும் வரிசையின் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2018 இல் வெளிவந்த மூன்று திங்க்பேட் மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். டி480 என்பதில் நினைவகத்துக்கு இரு செருகிடங்கள் உள்ளன, இரண்டையும் மாற்றலாம். பின்புற மின்கலத்தைக் கருவி எதுவுமின்றிக் கையாலேயே கழற்றலாம். டி480எஸ் என்பதில் நினைவகத்தின் ஒரு பகுதி பலகையோடு பற்றவைக்கப்பட்டு, ஒரு செருகிடம் மட்டுமே மீதமாக உள்ளது. அவ்வருடத்து எக்ஸ்1 கார்பனில் நினைவகம் முழுவதும் பற்றவைக்கப்பட்டது. வாங்கியபோது 8 ஜிபி எனில் எப்போதும் 8 ஜிபிதான். மூன்றிலும் அழகானதும் மெல்லியதும் மூன்றாவதே. அப்பிளின் மக்புக் எயர் கணினிகளிலும் நினைவகத்தைப் பின்னர் கூட்ட வழியில்லை. ஒரு எழுத்துத்தானே என்று கவனியாமல் விட்டால் அந்த ஒரு எழுத்து ஒரு செருகிடத்தைக் கொண்டுபோய்விடும்.

புரொசசரின் இலக்கமும் 2025 அக்டோபரும்

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. வீட்டுப் பாவனையாளர் பதிவுசெய்து பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மேலும் சிறிது காலம் பெற வழி செய்யப்பட்டபோதிலும் அது தற்காலிக ஏற்பாடே. வங்கிக் கணக்கையும் அரசாங்கக் கணக்குகளையும் திறக்கும் கணினி பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இல்லாமல் இருப்பது, வாசற்கதவின் பூட்டு கழன்ற வீட்டில் குடியிருப்பதற்குச் சமம்.

விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளுக்கும் கிடைப்பதில்லை. டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புப் பகுதி வேண்டும். இன்டெல் புரொசசர் ஆயின், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். தலைமுறையை அறிவது எளிது. ஐ5 என்ற எழுத்தை அடுத்துவரும் இலக்கத்தைப் பார்க்கவேண்டும். 6300 என்றால் ஆறாவது தலைமுறை, 8350 என்றால் எட்டாவது, 10210 என்றால் பத்தாவது, 1135 என்றால் பதினோராவது. ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரே தலைமுறைக்குள் தரத்தை மட்டுமே காட்டும். ஐ7 என்ற பெயரைக் கேட்டு ஆறாம் தலைமுறைக் கணினியை வாங்குபவர், எட்டாம் தலைமுறை ஐ3 வாங்கியவரை விட முன்னதாகவே கைவிடப்படுவார்.

இங்கு ஒரு பொறியும் உண்டு. ஆதரவு இல்லாத பழைய கணினியிலும் சோதனைகளைத் தவிர்த்து விண்டோஸ் 11 ஐ நிறுவிவிட முடியும். அவ்வாறு நிறுவப்பட்ட கணினிக்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்ற உறுதியில்லை. ஆகவே விண்டோஸ் 11 போடப்பட்டுள்ளது என்ற அட்டை போதாது. மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்னும் இலவசச் செயலி, அக்கணினி விண்டோஸ் 11 க்கு உண்மையாகவே தகுதியானதா என்று சொல்லிவிடும்.

இணையத்தை மட்டும் பாவிப்போருக்குக் குரோம்புக் போதுமானது. அதில் மேம்படுத்த அனேகமாக எதுவுமில்லை. ஆனால் இற்றைப்படுத்தல் முடியும் திகதி ஒவ்வொரு மாதிரிக்கும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். 2021 முதல் வெளிவந்த மாதிரிகளுக்குக் கூகுள் பத்து வருடம் வழங்குகிறது. அந்தப் பத்து வருடமும் மாதிரி வெளிவந்த நாளிலிருந்து கணக்கிடப்படுமேயன்றி வாங்கிய நாளிலிருந்து அன்று.

பணம் செலுத்துமுன்

கடையிலேயே கணினியைத் திறந்து பார்க்க அனுமதிக்காத கடையைத் தவிர்ப்பது நன்று. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபோர்மன்ஸ் பகுதியில் நினைவகத்தைத் தெரிவுசெய்தால் எத்தனை செருகிடங்களில் எத்தனை பாவனையில் உள்ளன என்பது தெரியும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் ஒன்று காலியாக இருக்கிறது. பழையதைக் கழற்றாமலே கூட்டலாம். மின்கலம் தயாரிக்கப்பட்டபோது எவ்வளவு கொள்ளளவு, இன்று எவ்வளவு என்று காட்டும் பட்டரி ரிப்போர்ட்டை விண்டோஸே உருவாக்கும். அதைக் கடைக்காரரிடம் கேட்கலாம். கொள்ளளவு பாதிக்குக் குறைந்திருந்தால் புதிய மின்கலத்தின் விலையையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

சீர்செய்யப்பட்ட கணினிகளில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். முதன்முதலாக இயக்கும்போது முன்னைய நிறுவனத்தின் பெயர் தோன்றி அதன் கடவுச்சொல்லைக் கேட்டால், அக்கணினி இன்னமும் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலுள்ளது. அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

புதிய கணினிகளோடு மைக்ரோசொப்ட் 365 ஒரு வருடம் இலவசம் என்று வருவதுண்டு. பதிவின்போது வங்கி அட்டை இலக்கம் கொடுக்கப்பட்டிருந்தால் வருட முடிவில் கட்டணம் தானாக அறவிடப்படலாம். பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகள் இதனை இலவசமாகவே வழங்குகின்றன. லிப்ரே ஒஃபிஸ் எல்லோருக்கும் இலவசம். தமிழ் எழுத்துரு போட்டுத் தருவதற்கெனத் தனியே பணம் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை. தமிழ் விசைப்பலகை விண்டோஸின் மொழி அமைப்புகளிலேயே இருக்கிறது.

இனி, தலைப்பிற் கூறிய கேள்வி. வாங்கும் முன் விற்பனையாளருக்கு மின்னஞ்சலில் அல்லது குறுஞ்செய்தியில் இவ்வளவும் கேட்டால் போதும்: இந்தக் கணினியின் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர் கூட்டமுடியுமா, எந்த அளவு வரை, விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொப்டின் ஆதரவு உள்ள மாதிரியா, என் பிள்ளையின் பாடசாலைக் காணொளி வகுப்புக்கும் ஒரே நேரத்தில் எழுத்து வேலைக்கும் இது போதுமா. பதில் வந்ததும் அதை அழித்துவிடாமல் வைத்திருக்கவேண்டும். விற்பனையாளர் சோல்டர்ட் அல்லது ஒன்போர்ட் என்று பதிலளித்தால், பற்றவைக்கப்பட்டது, மாற்ற இயலாது என்று பொருள்.

இது வெறும் தகவலறியும் கேள்வி அன்று. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், வணிகரிடம் வாங்கும் பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்கவேண்டும், விவரிக்கப்பட்டபடி இருக்கவேண்டும், வாங்குபவர் முன்கூட்டித் தெரிவித்த குறிப்பிட்ட தேவைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என மூன்று கடப்பாடுகளை விதிக்கிறது. மூன்றாவது கடப்பாடு, தேவை தெரிவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே எழும். மனத்திற்குள் வைத்திருந்த தேவையைச் சட்டம் அறியாது. மேலே கூறிய தாய் ஒன்றும் கேட்காமல் 64 ஜிபி கணினியை வாங்கியபடியால், அது பெட்டியில் எழுதியபடியே இருக்கிறது என்று கடைக்காரர் கூறும்போது அவரிடம் பதில் இருக்காது. நினைவகத்தைக் கூட்டலாம் என்ற பதிலை எழுத்தில் பெற்று வாங்கியவரோ, கூட்ட முடியாது என்று கண்டவுடன், விவரித்தபடி இல்லை என்று திருப்பிக் கொடுக்கலாம்.

பழுது தோன்றினால்

கடையின் உத்தரவாதம் முடிந்துவிட்டது, தயாரிப்பாளரோடு பேசுங்கள், பாவித்த பொருளுக்குப் பணம் மீளத் தரப்படமாட்டாது: இம்மூன்று பதில்களும் நம்மவர் அடிக்கடி கேட்பவை. மூன்றும் சட்டத்துக்கு ஒவ்வாதவை. சட்டப்படி பொறுப்பு விற்றவருடையது. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் அதற்கு மேலதிகமானதே அன்றி மாற்றீடு அன்று. வணிகரொருவர் விற்கும் பாவித்த பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆனால் தரத்தை மதிப்பிடும்போது விலையும் விவரிப்பும் கருத்திற் கொள்ளப்படும். ஏழு வருடம் பழைய கணினியில் புதியதன் மின்கலத்தை எதிர்பார்க்க முடியாது. ஒரு வாரத்தில் திரை இருண்டால் முறையிடலாம். வாங்கும் முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கு, அந்த மூடிக் கீறலைப் போன்றதற்கு, முறையிட இயலாது. பணம் மீளத் தரப்படமாட்டாது என்று சுவரில் எழுதித் தொங்கவிடுவதால் இச்சட்டத்தின் கடப்பாடுகள் நீங்கிவிடா.

காலக்கணக்கு முக்கியம். பழுதுள்ள பொருளை நிராகரித்து முழுப்பணத்தையும் கேட்பதற்கு 30 நாட்கள் உள்ளன. பொருள் மார்ச் 3 அன்று விலைக்கு வாங்கிக் கைக்கு வந்திருந்தால் கணக்கு மார்ச் 4 இல் தொடங்கி ஏப்ரல் 2 இல் முடியும். அதற்குள் திருத்தித் தரும்படி கேட்டால், திருத்தப்பட்டு மீண்டு வரும்வரை கடிகாரம் நிற்கும். வந்தபின் மீதி நாட்கள் அல்லது ஏழு நாட்கள், இரண்டில் எது கூடியதோ அது கிடைக்கும். 30 நாட்கள் கடந்தபின் திருத்தும் அல்லது மாற்றித் தரும் வாய்ப்பை விற்றவருக்கு ஒருமுறை கொடுக்கவேண்டும். அந்த ஒரு முயற்சி தோற்றால் விலைக்குறைப்போ நிராகரிப்போ கோரலாம். நாலைந்து தடவை திருத்தக் கொடுத்து அலையவேண்டும் என்று சட்டம் கூறவில்லை. முதல் ஆறு மாதத்துக்குள் இப்பரிகாரங்களைக் கோரும்போது, பழுது தொடக்கத்திலேயே இருந்தது என்று கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியவர் விற்றவர். ஆறு மாதத்தின் பின் அதை நிரூபிக்கும் சுமை வாங்கியவர்மேல் வரும். பணத்தைத் தர விற்றவர் இணங்கினால் 14 நாட்களுக்குள், செலுத்திய அதே வழியில் தரவேண்டும். கடைக்குரிய கடன் சீட்டை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. பற்றுச்சீட்டைத் தொலைத்தவர் சோர்ந்துபோகத் தேவையில்லை. வங்கிக் கூற்றும் சான்றே.

பழுதில்லை, மனம் மாறிவிட்டது என்பது வேறு விடயம். கடைக்கு நேரிற் சென்று வாங்கியவருக்கு அதற்குச் சட்ட உரிமை எதுவுமில்லை. கடை காட்டும் தயவு மட்டுமே. வணிகரிடம் இணையவழி வாங்கியவரோ, பொருள் கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே ஒப்பந்தத்தை நீக்கலாம். கடையில் பார்த்துச் சோதிக்கும் அளவை மீறிப் பாவித்திருந்தால் பணத்தில் ஒரு பகுதி கழிக்கப்படலாம். கணினியைப் பற்றி அதிகம் அறியாதவருக்கு இணையவழிக் கொள்வனவு ஆபத்தானது என்ற எண்ணம் பரவலாக உண்டு. இந்த ஒரு விடயத்தில் நிலைமை தலைகீழ்.

தனியாள் ஒருவரிடம், சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்து, வாகனத் தரிப்பிடத்திற் காசு கொடுத்து வாங்கும் கணினிக்கு மேற்கூறிய பாதுகாப்பிற் பெரும்பகுதி இல்லை. விவரித்தபடி இருக்கவேண்டும், விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கவேண்டும் என்பவற்றுக்கு மேல் அதிகம் கேட்கமுடியாது. விலையில் மிஞ்சும் முப்பது நாற்பது பவுணுக்கு இவ்வுரிமைகளை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் நட்டமே.

விலை 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுணுக்கு மேற்படாததாயின், கடனட்டையால் நேரடியாகச் செலுத்தியவருக்கு 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவு துணைநிற்கும். கடை மூடப்பட்டுவிட்டாலும் அட்டை நிறுவனத்திடம் கோரலாம். விலையின் ஒரு பகுதியை மட்டும் கடனட்டையாற் செலுத்தியிருந்தாலும் இப்பாதுகாப்பு முழு விலைக்கும் உண்டு. வங்கிப் பற்று அட்டைக்கு இப்பிரிவு பொருந்தாது. சார்ஜ்பேக் எனும் அட்டை நிறுவன நடைமுறை உண்டு, அது சட்ட உரிமை அன்று.

விற்றவரோடு இணக்கம் காணாவிடின் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவித் தொலைபேசி 0808 223 1133 ஐ இலவசமாக அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்பது நல்லது. டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்குத் தெரிவிக்கவேண்டியவற்றை அவர்களே அனுப்பிவைப்பர்.

மேம்படுத்தல்

பழைய வன்தட்டு உள்ள கணினியைத் தூக்கி எறிய முன், அதை எஸ்எஸ்டியாக மாற்றிப் பார்க்கவேண்டும். இவ்வொரு மாற்றத்தால் ஏற்படும் வேறுபாடு வேறெதனாலும் ஏற்படாது; மூன்று நான்கு நிமிடம் எடுத்துத் திறந்த கணினி அரை நிமிடத்துக்குள் திறக்கக்கூடும். அடுத்தது நினைவகம். ஆனால் 2025 இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் வெகுவாக ஏறியுள்ளது; செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போவதே முதன்மைக் காரணம். 4 ஜிபி கணினியை மலிவாக வாங்கிப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய அறிவுரை அதனால் இன்று எப்போதும் பொருந்துவதில்லை. இரண்டு விலைகளையும் கூட்டிப் பார்த்து, ஏற்கெனவே 8 அல்லது 16 ஜிபி உள்ள கணினி அதனிலும் மலிவாயின் அதையே எடுக்கவேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பன ஒன்றுக்கொன்று மாற்றீடல்ல. ஒன்றின் செருகிடத்தில் மற்றது உட்காராது.

வாங்கிய முதல் மாதத்தில் திருப்புளியைத் தொடாதிருப்பதே விவேகம். அம்மாதம் சோதனைக்குரியது. திரை, விசைப்பலகை, ஒலி, கமரா, வைஃபை, எல்லாத் துளைகளும் நாளாந்தப் பாவனையில் சரியாக இயங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். அடிமூடியைத் திறந்ததனால் மட்டும் சட்ட உரிமைகள் அற்றுப்போவதில்லை. தொடக்கத்திலிருந்த பழுதுக்கு விற்றவர் பொறுப்பாகவே இருப்பார். ஆயினும் திறந்தபின் தோன்றும் பழுதை, நீங்களே உடைத்தீர்கள் என்று அவர் சொல்ல வழி திறந்துவிடும். கழற்றிய பழைய பாகங்களை ஆறு மாதமேனும் வைத்திருப்பதும் இதன் பொருட்டே.

மாற்றும் நாளில் முதல் வேலை கோப்புகளைப் பிரதியெடுப்பது. சேமிப்பகம் மறைகுறியாக்கப்பட்டிருந்தால், பிட்லொக்கர் மீட்புச் சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். இதை மறந்து குடும்பப் படங்களை இழந்தவர் பலர். புதிய சேமிப்பகத்தில் விண்டோஸை நிறுவ, குறைந்தது 8 ஜிபி கொள்ளும் யூஎஸ்பி பென் ஒன்றும் மைக்ரோசொப்டின் இலவச நிறுவல் கருவியும் போதும். ஏற்கெனவே செயற்படுத்தப்பட்ட விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் தாய்ப்பலகையோடு பிணைந்தது. அதே பதிப்பை நிறுவினால் மீண்டும் விலை கொடுக்கவேண்டியதில்லை. கணினியை முற்றாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கி, அடிமூடியைத் திறந்தவுடன் மின்கலத்தின் இணைப்பை நீக்கிய பின்னரே மற்றவற்றில் கைவைக்கவேண்டும். திருகாணிகள் நீளத்தில் வேறுபடும்; எது எங்கிருந்தது என்று தாளில் வரைந்து அதன்மேல் வைப்பது நல்லது. நீளமானதைக் குறுகிய துளையில் இறுக்கினால் மேற்பக்கம் விசைப்பலகையைத் துளைத்துவிடும்.

மின்கலம் உப்பியிருப்பதைக் கண்டால் அத்தோடு நிறுத்தவேண்டும். அழுத்தவோ, குத்தவோ, மின்னேற்றவோ கூடாது. அதை வீட்டுக் குப்பைத் தொட்டியிலோ மீள்சுழற்சித் தொட்டியிலோ போடவும் கூடாது. குப்பை வண்டிக்குள் நசுங்கும் லிதியம் மின்கலங்கள் தீப்பற்றுகின்றன. நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் ஊழியரிடம் நேரே கொடுக்கவேண்டும். பழைய கணினியையும் அங்கேயே ஒப்படைக்கலாம். புதியதை விற்கும் பெரிய கடைகளும் அதே வகைப் பழைய பொருளை இலவசமாக ஏற்கவேண்டும். ஒப்படைக்குமுன் ரீசெட் வசதியில் எல்லாவற்றையும் அழிக்கும் தெரிவைச் செய்யவேண்டும். கழற்றி எடுத்த பழைய வன்தட்டைக் கணினியோடு சேர்த்துக் கொடுத்துவிடாமல் வீட்டில் தனியே வைத்திருக்கலாம். கடவுச்சீட்டுப் பிரதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.